மொத்த மணிநேரம்

விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் பெரியது.
ஐந்து இலக்கம் எழுதலாம்.
நான் எழுதியது மூன்று: 214.
மீதி இடத்தில்
ஒரு குட்டி விமானத்தை நிறுத்தலாம்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்
பள்ளிக்கு, கல்லூரிக்கு, ரேஷனுக்கு என்று
நான் நின்ற நேரத்தைச் சேர்த்தால்
இந்நேரம் கேப்டன்.
அப்பாவைக் கேட்கவே வேண்டாம்.
துறைமுகத்து ஜீரோ கேட் வரிசையில்
கன்டெய்னரை முதுகில் ஏற்றிக்கொண்டு
இரண்டு ராத்திரி, ஒரு பகல்.
நகர்ந்தது நாலு கிலோமீட்டர்.
அவருக்கு யாரும் லாக்புக் கொடுக்கவில்லை.

"ஒரு அவர் பறக்க இன்னா ரேட்டு?" என்றார் ஒருநாள்.
சொன்னேன்.
ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கணக்குப் போட்டார்.
"அப்ப ரொம்ப சுத்தாத.
நேரா போய் நேரா வந்துரு."

மராட்டியத்தில் கரும்புக்காட்டு நடுவே
ஒற்றை ஓடுதளம்.
இருவர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும் செஸ்னா.
நாய் குறுக்கே வந்தால் மறுபடி மேலே.
இறங்கும்போது மூன்று தடவை குதித்தால்
மூன்று தரையிறக்கம் என்று எழுதிக்கொள் என்பாள்
அறைத்தோழி ஹர்லீன்.

அங்கே ஒரு கிளார்க் இருந்தார்.
பேனாவாலும் பறக்கலாம் என்றார்
தாழ்ந்த குரலில்.
மணிக்கு இவ்வளவு. எரிபொருள் செலவு இல்லை,
எதிர்க்காற்று இல்லை.
மறுத்துவிட்டேன் என்று
பெருமையாக எழுத ஆசைதான்.
கையில் காசில்லை, அதுதான் நிஜம்.
வீட்டுப் பத்திரம் வங்கியில்,
அம்மாவின் கழுத்து சேட்டுக்கடையில்.

ஆனால் ஒருநாள் அவரே தவறுதலாக
0.7 என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.
இலவசம். யாரும் கேட்கப்போவதில்லை.
சிவப்பு மையில் அடித்தேன்.
ஏனென்று இன்றைக்கும் தெரியாது.

குருகிராமில் பன்னிரண்டாவது மாடி.
வெளியே நாற்காலிகளில்
ஆயிரத்தைந்நூறு மணிக்காரர்கள்
கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.
உள்ளே மூன்று பேர், ஒரு ஏசி.
நடுவில் இருந்தவர் என் லாக்புக்கைப் புரட்டினார்.
புரட்ட அதிகம் இல்லை.
விரல் சிவப்பு வரியில் நின்றது.

"இது?"
"பறக்கவில்லை சார். மூடுபனி.
ஓடுதள முனையில் காத்திருந்தேன். விலகவில்லை.
திரும்பிவிட்டேன்."
"திரும்பச் சொன்னது யார்?"
"தனியாகத்தான் இருந்தேன் சார்."
"நாற்பத்திரண்டு நிமிடம்
பொறுமையாக உட்கார்ந்திருந்தாயா?"
"கொருக்குப்பேட்டை சார்."
அவர்களுக்குப் புரியவில்லை.
நானும் விளக்கவில்லை.

பிறகு சிமுலேட்டரில் ஒரு என்ஜினை அணைத்தார்கள்.
கால் நடுங்கியது, ரட்டரில் இருந்து எடுக்கவில்லை.
கோடு கொஞ்சம் தப்பித்தான் இறங்கினேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம்.
மணலியிலிருந்து டேங்கர் ரயில்
கேட்டைக் கடந்துகொண்டிருந்தது.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று
வேகனை எண்ணுவது சின்ன வயதுப் பழக்கம்.
முப்பத்தாறில் போன் அதிர்ந்தது.
துணை விமானி, பயிற்சி நிலை.
பயிற்சிச் செலவு சம்பளத்தில் பிடித்தம்.
ஐந்து வருட ஒப்பந்தம்.
கீழே என் பெயர், எழுத்துப்பிழையோடு:
கிருபாவதி தேவஇரக்கம்.
அப்பாவின் பெயரில் ஒரு எழுத்தை விழுங்கியிருந்தார்கள்.

அவரை அழைத்தேன். வரிசையில் இருந்தார்.
ஹாரன் சத்தத்துக்கு நடுவே
இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.
வெகுநேரம் ஹாரன் மட்டும் கேட்டது.
"பக்கத்துல பெரிய டிரைவர் ஒருத்தர் இருப்பாருல்ல?"
"இருப்பாருப்பா."
"அப்ப சரி."

கேட் எப்போது திறந்ததென்று தெரியவில்லை.
பின்னால் ஒரு ஆட்டோ,
மீன்கூடை ஏற்றிய ஒரு டிவிஎஸ்,
அதற்கும் பின்னால் பாதி ஊர்.
"இன்னாமா, தூங்குறியா? வண்டிய எடு!"
எடுத்தேன்.
தண்டவாளத்தின் நடுவில்
என்ஜின் அணைந்துவிட்டது.
கிக்கரைத் தேடியது கால்.